இன்ஹேலர் அடித்தும் இளைப்பு அடங்கவில்லையா? ஸ்பேசரில் பிசகு எங்கே என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

“இந்த மருந்து கேட்கவில்லை, வேறு கொடுங்கள்.” கம்பத்தில் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு, அணக்கரை ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரம் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பெண்கள் சொல்கிறார்கள். குமுளியிலிருந்து பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாச்சிகளும் சொல்கிறார்கள். மேலே குளிரும் மூடுபனியும், கீழே புழுக்கமும் தூசியுமாக ஒரே நாளில் இரண்டு விதக் காற்றை இழுக்கும் மக்கள் இவர்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப் புகையும், தோட்டத்திலும் திராட்சைப் பந்தலிலும் அடிக்கிற பூச்சிமருந்தின் நெடியும் சேர்ந்துகொண்டால் ஆஸ்துமா உள்ள நுரையீரல் சும்மா இருக்காது.

இருந்தாலும், மருந்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: அடித்த மருந்து எங்கே போனது? அது நுரையீரலுக்குப் போகவில்லை என்றால் வெளிக்காற்றில் கலந்திருக்கும், நாக்கிலும் தொண்டையிலும் படிந்திருக்கும், இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரின் சுவரில் ஒட்டியிருக்கும், அல்லது இன்ஹேலரிலிருந்து புறப்படவே இல்லை. எங்கே போனாலும் ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அந்த அடையாளங்களைத்தான் கீழே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை முறை என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. சொன்ன மருந்து உள்ளே போகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

பிசகைத் தேடக் கூடாத நேரம்

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாரித்திருக்கிறது, குழந்தையின் விலா இடுக்குகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிகின்றன, ஆள் சோர்ந்து தூங்கி விழுகிறார் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எண் ஒன்றுதான். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். உடனடி நிவாரண இன்ஹேலரை, அதாவது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் சால்பூட்டமாலை, ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். ஒரு முறை அழுத்தி 4 மூச்சு. இப்படி 4 முறை. 4 நிமிடம் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் மறுபடியும் 4. வண்டி வரும்வரை இதைத் தொடரலாம். மருத்துவர் உங்களுக்கென்று வேறு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதுவே முதன்மை. தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காத இடமாக இருந்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த ஜீப் நிற்கிறதோ அதில் ஏற்றிவிடுங்கள்.

சரியான முறை எது

அளவு தவறாமல் மருந்தைப் பீய்ச்சும் அழுத்த இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் குறை அன்றும் இன்றும் ஒன்றுதான். மனிதன் மூச்சிழுக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் மருந்து பாய்ந்து வந்து தொண்டைச் சுவரில் மோதுகிறது. அந்த வேகத்தைத் தணித்து, மருந்துப் பனியைச் சில நொடிகள் நிறுத்தி வைப்பதுதான் ஸ்பேசரின் வேலை.

இன்ஹேலரின் மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். அதை ஸ்பேசரின் பின்துளையில், உலோகக் குப்பி மேல்நோக்கி நிற்கும்படி செருகுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக மூடுங்கள். ஒரே ஒரு முறை அழுத்தி, உடனே மூன்று முதல் ஐந்து நொடி வரை நிதானமாக இழுத்து, பத்து நொடி அடக்கி விடுங்கள். அடக்க முடியாதவர்கள் ஸ்பேசரை எடுக்காமலேயே இயல்பாக நான்கைந்து மூச்சு இழுத்து விட்டால் போதும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடியும் குலுக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடக்கிறது என்று நம்புகிறவர்கள் ஒரு முறை கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். கீழே வரும் அடையாளங்களில் பாதியை அங்கேயே கண்டுகொள்வீர்கள்.

உதட்டோரத்திலோ மாஸ்க் விளிம்பிலோ புகை போலக் கசிகிறது

மருந்து வெளிக்காற்றுக்குப் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசரின் முனையில் மாட்டும் மாஸ்க் முகத்தில் சரியாகப் படியவில்லை; பெரியவர்களுக்கு உதடு சரியாக மூடவில்லை, அல்லது இழுப்பதற்குப் பதிலாக ஊதிவிடுகிறார்கள் என்று பொருள். இரண்டு பாதிகளைப் பொருத்திச் செய்யும் ஸ்பேசராக இருந்தால் நடு மூட்டைப் பாருங்கள். கழுவிவிட்டு அவசரத்தில் மாட்டும்போது ஒரு பக்கம் ‘கிளிக்’ ஆகாமல் இடைவெளி விட்டிருக்கும். இன்ஹேலர் நுழையும் பின்பக்க ரப்பரில் விரிசல் விழுந்திருந்தாலும் கசியும். அந்த ஸ்பேசரை ஒட்டவைக்க முயலாமல் மாற்றுங்கள்.

நாக்கு கசக்கிறது, தொண்டை சில்லிடுகிறது

மருந்து வாயிலேயே படிந்துவிட்டது. பெரும்பாலும் நாக்கு வாய்ப்பகுதியை மறித்து நின்றிருக்கும். அதை நாக்கின் மேல் படியும்படி வையுங்கள். ஸ்பேசரே இல்லாமல் நேராக வாயில் அடித்துக்கொள்கிறவர்களுக்கும் இதே கசப்புதான். மலைக்குப் போகும்போது ஸ்பேசர் பெரிதாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துவிட்டு, இன்ஹேலரை மட்டும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பலர். அவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இரண்டு. ஒன்று, கைக்கடக்கமான சிறிய ஸ்பேசர்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. சுருக்குப்பையில் சில்லறைக் காசும் பாக்குத் துண்டும் இருக்கின்றன. மூடி கழன்ற இன்ஹேலரின் வாய்க்குள் ஒரு நாணயம் புகுந்துகொண்டால், அடுத்த முறை இழுக்கும்போது அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போய்விடலாம். மூடியில்லாமல் இன்ஹேலரைப் பையில் போடாதீர்கள். இருட்டானாலும் அவசரமானாலும் இன்ஹேலருக்குள்ளும் ஸ்பேசருக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள். பூச்சியும் உள்ளே ஒளிந்திருக்கும்.

வெற்றிலை போடுகிறவர்கள் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஸ்பேசரை எடுங்கள். சிவந்த எச்சில் வால்வுக்குள் இறங்கினால் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

இழுக்கும்போது விசில் சத்தம் கேட்கிறது

சில ஸ்பேசர்களில் வேண்டுமென்றே விசில் வைத்திருக்கிறார்கள். வேகமாக இழுக்கிறீர்கள் என்பதற்கு அது எச்சரிக்கை. விசில் வந்தால்தான் மருந்து வருகிறது என்று எண்ணிப் பிள்ளைகளை இன்னும் வேகமாக இழுக்கச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறேன். சத்தமே வராமல் இழுப்பதுதான் சரி.

வால்வு அசையவில்லை

இழுக்கும்போது திறந்து, விடும்போது மூட வேண்டிய மெல்லிய ரப்பர் இதழ் அது. மருந்து அடிக்காமலேயே நான்கு மூச்சு விட்டுப் பாருங்கள். இதழ் அசைவது கண்ணுக்குத் தெரியும், சில வகைகளில் மெல்லிய டக் சத்தமும் கேட்கும். அசையவில்லை என்றால், பிள்ளை மூக்கால் மூச்சு விடுகிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படியென்றால் சில நாட்களுக்கு மூக்கை மெல்லப் பிடித்துப் பழக்கலாம், அல்லது மாஸ்க் வைத்தே கொடுக்கலாம். வாயால்தான் இழுக்கிறது, இருந்தும் அசைவில்லை என்றால் வால்வு ஒட்டியிருக்கிறது, கழுவிப் பாருங்கள். இதழ் சுருண்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ புதியது வாங்குவதைத் தவிர வழி இல்லை.

ஸ்பேசரின் உட்சுவரில் வெண்மையாகப் படிந்திருக்கிறது

அந்த வெண்மை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்து. வேறு எந்தக் காரணத்தையும்விட இதனால்தான் அதிக மருந்து வீணாகிறது என்பது என் எண்ணம்.

பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் அதில் நிலைமின்சாரம் ஏறுகிறது. மருந்துத் துளிகள் மூக்கு வாயை நோக்கி வராமல் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில் தினமும் சேலைத் தலைப்பால் பளபளவெனத் துடைத்து வைக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். கடையிலிருந்து வாங்கி வந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தவுடன் பயன்படுத்தும் புது ஸ்பேசரிலும் இதே கதைதான். ‘ஆன்டிஸ்டாட்டிக்’ என்று அச்சிட்டிருக்கும் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. அதையும் அதன் தாளில் சொன்னபடி கழுவத்தான் வேண்டும்.

கழுவும் முறை இது. ஸ்பேசரைப் பகுதி பகுதியாகக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி விட்டு, அதில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெல்ல அலசி எடுங்கள். நாரோ பிரஷ்ஷோ வேண்டாம். உடல் பகுதியை நல்ல தண்ணீரில் மறுபடி அலசாமல், உதறிவிட்டு நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். சோப்பின் மெல்லிய படலம் சுவரில் தங்கினால்தான் நிலைமின்சாரம் ஏறாது. வாயில் வைக்கும் பகுதியையும் மாஸ்க்கையும் மட்டும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை என்று சொல்லும் வகைகளும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கொதிக்கும் நீரில் போடக் கூடாது. சாரல் பிடித்துவிட்டால் இங்கே எதுவும் லேசில் காயாது என்பது உண்மைதான். அதற்காக அடுப்புக்கு மேலே வைத்துவிடாதீர்கள். இரவு கழுவி விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு பயன்படுத்தினாலும் மருந்து சுவரோடு போய்விடும்.

புதிய ஸ்பேசரை வாங்கி அந்த நிமிடமே பயன்படுத்த வேண்டிய அவசரம் என்றால், முதலில் பத்து முறை உள்ளே அடித்துச் சுவரில் மருந்து பூசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு கொடுக்கலாம். வீணடிப்பு போலத் தோன்றினாலும் இளைக்கும் பிள்ளை முன்னால் இருக்கும்போது அது வீண் அல்ல.

சுவரில் படிவு சேர இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு முறை கொடுக்கச் சொன்னார்கள் என்று இரண்டையும் சேர்த்து அடிப்பது. துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்துச் சுவரில் இறங்கிவிடும். அடித்துவிட்டு நிதானமாகப் பிள்ளையைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பனி சில நொடிதான் மிதக்கும்.

குழந்தை மாஸ்க்கைக் கண்டாலே அழுகிறது

அழும்போது மருந்து உள்ளே போகிறது, வாய் திறந்திருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு. அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளியே விட்டு, விருட்டென்று ஒரு நொடி இழுக்கிறது. அந்த விருட்டில் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். முகத்தைத் திருப்பும்போது மாஸ்க் விலகினால் மீதியும் காற்றோடு போய்விடும். கையையும் தலையையும் அமுக்கிப் பிடித்து அடிப்பதால் அடுத்த முறை அழுகை இன்னும் முன்னதாகத் தொடங்கும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

பிள்ளை நன்றாக இருக்கும் நேரத்தில் ஸ்பேசரை விளையாடக் கொடுங்கள். அப்பத்தா தன் முகத்தில் வைத்துக் காட்டலாம், பொம்மைக்கு வைக்கலாம். பிறகு மருந்தில்லாமல் வெறும் மாஸ்க்கை ஒரு பாட்டு முடியும்வரை வைத்துப் பழக்குங்கள். கொடுக்கும் நேரத்தில் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலை உங்கள் மார்பில் சாய்ந்திருக்க, மூக்கும் வாயும் அடங்கும்படி மாஸ்க்கை மென்மையாகப் பதியுங்கள். கண் வரை ஏறினால் அளவு பெரிது. வேறு மாஸ்க் வேண்டும். வால்வு அசைவதை எண்ணி ஐந்தாறு மூச்சு ஆனதும் எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு வயது தாண்டி, வாயால் இறுகப் பிடித்து இழுக்கத் தெரிந்துவிட்டால் மாஸ்க்கை விட்டுவிடலாம். வாய்ப்பகுதி வழியாகவே மருந்து அதிகம் போய்ச் சேரும்.

“ஸ்பேசர் வேண்டாம், நெபுலைசர் வைத்துவிடுங்கள், அதுதான் பலமானது” என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவிலான இளைப்புக்கு, ஸ்பேசர் வழியே கொடுக்கும் இன்ஹேலர், மருந்தை மின்சாரத்தில் பனியாக்கித் தரும் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வுரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்பேசரில் மருந்து பெற்ற குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சீக்கிரமே வீடு திரும்பியிருக்கிறார்கள். மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் மலையில் ஸ்பேசருக்கு மின்சாரமும் வேண்டாம்.

சத்தம் வருகிறது, பலன் இல்லை

மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும். அழுத்தினால் அதே ‘புஸ்’ சத்தம்தான். குலுக்கிப் பார்த்தும், தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது; தண்ணீரில் போடுவதால் துளை அடைபடவும் வாய்ப்பு உண்டு. எண்காட்டி உள்ள இன்ஹேலரை வாங்குங்கள். இல்லாவிட்டால் கணக்குதான் வழி. இளைப்பு வராமல் தடுக்கத் தினமும் இழுக்கும் தடுப்பு மருந்து 120 முறை கொண்டது, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை என்றால் சரியாக 30 நாள். தொடங்கிய தேதியைக் குப்பியின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். சால்பூட்டமால் குப்பி பெரும்பாலும் 200 முறைக்கு வரும்.

குப்பி புதிது, அல்லது பல நாள் தொடாமல் கிடந்தது என்றால் தாளில் சொன்ன எண்ணிக்கைப்படி முதலில் காற்றில் அடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். மலைக்குளிரில் கிடந்த குப்பியில் அழுத்தம் குறைந்திருக்கும்; உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக் குலுக்குங்கள். ஜீப்பின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைப்பது ஆபத்து, வெடித்துவிடலாம்.

பழைய நோயாளிகள் “முன்பு போல வேகமாக அடிக்கவில்லை” என்பார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் உந்துவாயு மாற்றப்பட்டது. இப்போதைய பீய்ச்சல் மென்மையானது. அது பழுது அல்ல.

வாயில் வெள்ளைத் திட்டு, குரல் கம்மல்

ஸ்டீராய்டு உள்ள தடுப்பு மருந்து வாயில் தங்குவதால் பூஞ்சை வளர்கிறது. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசர் வழியே எடுங்கள், எடுத்தவுடன் வாயும் தொண்டையும் கொப்பளித்துத் துப்புங்கள். பல் துலக்குவதற்கு முன் மருந்து என்று பழக்கிக்கொண்டால் மறக்காது. மாஸ்க் போடும் குழந்தைக்கு முகத்தையும் துடைத்துவிடுங்கள். திட்டு ஏற்கனவே வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது

சால்பூட்டமாலின் இயல்பு இது; கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஒவ்வொரு முறை அடித்ததும் இளைப்பு குறையாமல் கூடுகிறது என்றால் அது வேறு விஷயம். நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தோட்டத்தில் இளைப்பு வந்துவிட்டது, ஸ்பேசர் இல்லை

1999இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாயின் அளவுக்குத் துளையிட்டு, இடுக்கில்லாமல் ஒட்டிச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கியதற்கு இணையாக வேலை செய்தது. தெர்மாகோல் கப் அந்த அளவு உதவவில்லை. ஆகவே காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடைத்தால் அவசரத்துக்குப் போதும். துளையைச் சுற்றிக் காற்று கசியாமல் டேப் ஒட்டி, பாட்டிலின் வாயை உதட்டால் மூடி இழுக்க வேண்டும். பூச்சிமருந்து கலந்த பாட்டிலைத் தொடவே கூடாது.

மருந்துப் பொடி உள்ள காப்ஸ்யூலைப் போட்டுத் திருகி, பொடியாக இழுக்கும் ரோட்டாஹேலர் வகைக்கு ஸ்பேசர் பொருந்தாது. அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்கள் முறைகளை மாற்றிப் போட்டுக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

எல்லாம் சரி, ஆனாலும் நீல இன்ஹேலர் அடிக்கடி தீர்ந்துபோகிறது

இங்கே பிசகு ஸ்பேசரில் இல்லை. நீலம் மூச்சுக்குழாயைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதில்லை. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு நெறியான ஜினா, நீலத்தை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்று 2019 முதல் சொல்லி வருகிறது. தடுப்பு மருந்தை எடுத்ததும் உடனே சுகம் தெரியாது என்பதால் அதை அலமாரியில் வைத்துவிட்டு நீலத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போவது இந்தப் பள்ளத்தாக்கில் மிகுதி. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில் உடனடிச் சுகத்தைத் தேடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழி ஒருநாள் இரவு 108இல்தான் கொண்டுபோய் விடும்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்று. கட்டப்பனைப் பக்கம் ஒரு மருத்துவர், தேனிப் பக்கம் ஒரு மருத்துவர் என்று இரண்டு சீட்டுகள் சேர்ந்துவிடும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு நிறத்தில் வரும். இரண்டையும் சேர்த்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள், பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள். கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஸ்வாஸ்’ என்ற பெயரில் சுவாச நோய்க்கான கிளினிக் நடக்கிறது. இந்தப் பக்கம் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலரையும், ஸ்பேசரையும், இரண்டு சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு மருந்து மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.